"மிஸ்டர் செல்லத்துரை இருக்கிறாரா?"

படிப்பு முடித்து மலேசியாவின் பினாங்கில் வேலை தேடியபோது வந்த முதல் அழைப்பை நானே கெடுத்துக்கொண்டேன். "மிஸ்டர் செல்லத்துரை இருக்கிறாரா?" என்று கேட்டார் ஒரு பெண்மணி. "அப்பா ஊரில் இருக்கிறார்" என்றேன். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். கடவுச்சீட்டில் உள்ளபடியே ரெஸ்யூமேயிலும் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை எழுதியிருந்தது பிறகுதான் உறைத்தது.

இங்குள்ள தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடையாள அட்டையில் இரு பெயர்களுக்கும் நடுவே ஏ/எல் என்றிருக்கும். மலாயில் அனாக் லெலாக்கி, அதாவது மகன். பெண்ணுக்கு ஏ/பி. எனக்கோ வெறும் இடைவெளி.

அன்றிரவு கீழ்வீட்டு அண்ணனிடம் தாளை நீட்டினேன். தொழிற்சாலை மேற்பார்வையாளர். தே தாரிக் என்னும் பால் தேநீரை ஆற்றியபடியே மதம், அப்பாவின் தொழில், மணமாகாதவன் என்று ஒவ்வொன்றாக அடித்தார். "மேற்கண்டவை யாவும் உண்மை" என்ற உறுதிமொழியும் கையெழுத்தும் வந்ததும், "இது என்ன தம்பி, போலீஸ் புகாரா?" என்றார். பிளஸ் டூவில் 600க்கு 541. "எஸ்.பி.எம். என்றால் புரியும். இது கூடுதலா, குறைவா?" என்றார், இங்குள்ள பள்ளியிறுதித் தேர்வைச் சொல்லி. எங்கள் தெருவே கொண்டாடிய மதிப்பெண் அது.

"கடின உழைப்பாளி" என்ற வரியில் பேனா நின்றது. "எதை வைத்து நம்புவது?" தொழிற்பயிற்சியில் என்ன செய்தாய் என்று துருவினார். சோதனையில் தேறாத மின்சுற்றுப் பலகைகளை வகைபிரித்து எக்செலில் அட்டவணை போட்டதையும், பாதிக்கு மேல் ஒரே சால்டரிங் குறை என்று தெரிந்ததையும் சொன்னேன். சின்ன வேலை என்று எழுதாமல் விட்டிருந்தேன். அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. இன்டெல் 1972இல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்த ஊர் இது. இங்குள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப்புகளைக் கோத்துச் சோதித்து அனுப்புவதே பலருக்குப் பிழைப்பு. குறையைக் கண்டுபிடிப்பவனைத்தானே தேடுவார்கள்! அந்தச் சின்ன வேலை, எத்தனை பலகை, என்ன குறை என்ற கணக்கோடு முதல் வரிக்கு ஏறியது.

மலாய் பேசுவேன், எழுத வராது என்று உள்ளதை உள்ளபடி போட்டோம். வேலை அனுமதியை நிறுவனமே எடுத்துத்தர வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னார். அதைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்களே என்றேன். நேர்காணல் வரை போய் ஒதுக்கப்படுவது மேலா என்றார். எழுதினேன், அரை மனதோடு.

பெயரைக் கதிரவன் என்று பெரிதாகப் போட்டு, தந்தை பெயரைத் தனி வரியில் வைத்தோம். நடந்ததை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே வருத்தம்: "என் நம்பரைக் கொடுத்திருந்தால் நானே பேசியிருப்பேனே."