காற்று எந்தப் பக்கத்தால?

எனக்கு ஊர் வல்வெட்டித்துறை. வீட்டுப் படலையைத் திறந்தால் மூன்று நிமிட நடையில் கடல். இருந்தும் 34 வயதில் நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்து சேரும்வரை நான் ஒரு படகுப் பாயைக்கூட இழுத்துக் கட்டியதில்லை. யுத்த காலத்தில் கடலுக்குப் போகத் தடை. அப்பாவின் வள்ளம் கரையில் கவிழ்த்தபடியே கிடந்து உக்கிப்போனது. கடல் என்றால் ஒன்றில் தொழில், இல்லாவிட்டால் பயம். சும்மா சந்தோசத்துக்காகவும் அதில் இறங்கலாம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத யோசனை.

இங்கே வந்து இரண்டாவது கோடையில், வேலைத்தலத்தில் கூட நிற்கும் ஒருவர், புதன்கிழமை பின்னேரம் பாய்மரப் படகுப் போட்டிக்கு ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கேட்டார். காசு வேண்டாம், அனுபவம் வேண்டாம், வழுக்காத சப்பாத்தும் குளிருக்கு ஒரு மேலாடையும் போதும் என்றார். வெஸ்ட்ஹேவன் படகுத்துறைக்குப் போனால், பாய்மரங்கள் பனங்கூடல் மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. அவருடையது யங் 88 என்ற வகை. ஜிம் யங் என்ற நியூசிலாந்துக்காரர் வடிவமைத்தது, நீளம் 8.8 மீற்றர். உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டு, ஒரு கயிற்றைக் கையில் தந்தார்.

முதல் நாள் பட்ட பாடு பெரும்பாலும் சொற்களால் வந்தது. 'ஷீட்டை இழு' என்கிறார்கள். நான் பாயைப் பார்க்கிறேன். ஷீட் என்பது துணி அல்ல, பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு. அன்றிரவு ஊரில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அதுதானே தாமான்" என்றார். 34 வருடமாக அவர் வாயில் நான் கேட்டிராத சொல். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் படகில் நான் படித்ததைச் சொல்வேன், அவர் அதற்கு ஊர்ச் சொல்லைத் தருவார். முன்பக்கம் அணியம். ஆழத்தை அளப்பது பாகத்தால், இரண்டு கையையும் விரித்த நீளம்.

போட்டியின் தொடக்கம்தான் என்னை அடிமையாக்கியது. ஓட்டப்பந்தயம் போல வரிசையில் நின்று புறப்பட முடியாது, படகுக்குப் பிறேக் இல்லையே. 5 நிமிடத்துக்கு முதல் ஒரு கொடி, 4இல் இன்னொன்று, 1இல் அது இறங்கும். அதற்குள் இருபது முப்பது படகுகள் ஒன்றையொன்று உரசாத குறையாகச் சுற்றிச் சுற்றி வந்து, நேரம் பூச்சியமாகும் கணத்தில் கோட்டை முழு வேகத்தில் தொட வேண்டும். காற்றை வலப்பக்கத்தால் வாங்குகிற படகுக்கே வழி; "ஸ்டார்போர்ட்!" என்று ஒரு குரல் வந்தால் மற்றவர் விலகியே ஆகவேண்டும். பிறகு காற்றை எதிர்த்துப் போகும் பகுதி. நேரே போக முடியாது. காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை கோணத்தில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். படகு சரிய, நாங்கள் எல்லோரும் உயர்ந்த விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பாரம் கொடுப்போம். முகத்தில் உப்புத் தண்ணீர், முன்னால் ரங்கிடோடோ எரிமலைத் தீவு, மாலை எட்டு மணிக்கும் வெயில். அந்த நேரம் என் வாடகை, விசா, தனிமை ஒன்றுமே நினைவில் இராது. முடிந்து கரைக்கு வந்தால் சாப்பாடு பகிர்வார்கள். நான் கொண்டுபோன ரோல்ஸுக்கு இப்போது வெளிப்படையாகவே காத்திருக்கிறார்கள்.

காற்றின் பெயர்களை மட்டும் நான் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. நாங்கள் தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்று கொண்டாடுகிறவர்கள், வடக்கிலிருந்து வந்தால் வாடை என்று போர்வையைத் தேடுகிறவர்கள். இங்கே எல்லாம் தலைகீழ். தெற்குக் காற்று துருவப் பக்கத்துக் குளிரைச் சுமந்து வந்து எலும்பைத் தொடும். வடகிழக்குக் காற்று வெதுவெதுப்பானது, பல நேரம் மழையும் கூட்டி வரும். தண்ணீரும் அப்படியே. எங்கள் ஊரில் வற்றுப்பெருக்கை முழங்காலளவில் கண்டவன் நான். இங்கே துறைமுகத்தில் மூன்று மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். அந்த நீரோட்டத்தைக் கணக்கில் எடுக்காதவர் நல்ல காற்றிலும் பின்தங்குவார்.

2021 மார்ச்சில் அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டி இங்கே நடந்தது. நியூசிலாந்து 7-3 என்று இத்தாலிய அணியை வென்றபோது கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். நீருக்கு மேலே சிறகில் எழும்பிப் பறக்கும் படகுகள் அவை. அப்பாவுக்குக் காணொளி அனுப்பினேன். பார்த்துவிட்டு அன்னபூரணியைப் பற்றித்தான் கதைத்தார்: எங்கள் ஊரில் கட்டி, ஓர் அமெரிக்கர் வாங்கி, எங்கள் ஊர் மாலுமிகளோடு 1938இல் மசாசுசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தைத் தொட்ட பாய்க்கப்பல். அந்தக் கதையைச் சிறுவயதில் அரைத்தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். பாய் இழுத்துக் கை கொப்பளித்த பிறகுதான் அது எத்தனை பெரிய காரியம் என்று விளங்கியது.

போட்டியைவிட எனக்கு இப்போது நெருக்கமானது நெடும்பயணம். போன தை மாதம் நால்வர் சேர்ந்து ஹவுராக்கி வளைகுடா வழியாக வடக்கே கவாவு தீவுக்குப் போனோம். ஆளுநர் ஜோர்ஜ் கிரே 1862இல் வாங்கி, கங்காரு இனத்துச் சிறு விலங்கான அவுஸ்திரேலிய வாலபிகளைக் கொண்டுவந்து விட்ட தீவு அது. ஒருவரும் அவசரப்படவில்லை. காற்று விழுந்தால் தேநீர், எழுந்தால் பாய். மாலையில் ஒதுக்கமான குடாவில் நங்கூரமிட்டோம். எனக்கு இரவு ஒன்பது மணி, ஊரில் பிற்பகல் ஒன்றரை. சாப்பிட்டுப் படுக்கப் போன அப்பாவை எழுப்பினேன்.

"என்னத்துக்குப் போனனி?"

"சும்மா அப்பா. பாக்கத்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "காத்து எந்தப் பக்கத்தால?"

"தெற்கால. இராவைக்குக் கூடும் எண்டு சொல்லுறாங்கள்."

"எத்தனை பாகம் ஆழம்?"

"மூண்டு."

"கயிறைத் தாராளமா விடு. கஞ்சப்படாதை."

விளக்கை எடுத்துக்கொண்டு அணியத்துக்குப் போய், இன்னும் பத்து மீற்றர் சங்கிலியை இறக்கினேன்.