இறக்கை கழற்றிய ஸ்டார்ஃபைட்டர்

ஹசெகாவா நிறுவனத்தின் 1/48 அளவு எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைப் போர் விமானமாகக் கட்டாமல், தரைவேகச் சாதனைக்கான காராக மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். யோசனை என்னுடையதன்று. எட் ஷேடில், கீத் ஸாங்கி என்னும் இரு அமெரிக்கர்கள், கழித்துப் போடப்பட்ட அசல் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை 1990-களின் பிற்பகுதியில் வாங்கி, ‘நார்த் அமெரிக்கன் ஈகிள்’ என்ற 56 அடி நீளக் காராகவே மாற்றினார்கள். அதை அச்சு அசலாக நகலெடுப்பது என் நோக்கமில்லை. அவர்கள் எதிர்கொண்ட கேள்விகளுக்கு என் மேசையில் விடை தேடுகிறேன், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு ஸ்டார்ஃபைட்டரைவிடப் பொருத்தமான விமானம் இருக்க முடியாது. அதன் இறக்கை பக்கத்துக்கு ஏழடிக்குச் சற்றே அதிகம். தடிமன் அதன் முன்பின் அகலத்தில் 3.36 சதவீதம் மட்டுமே. முன்விளிம்பு அத்தனை கூர்மையாக இருந்ததால், தரையில் நிற்கும்போது ஊழியர்களைக் காயப்படுத்தாதபடி அதற்கு உறை மாட்டி வைப்பார்கள். எஞ்சியதெல்லாம் நீண்ட உடலும் ஜே79 ஜெட் எஞ்சினும்தான். அந்த எஞ்சினும் தரைக்குப் புதிதல்ல. ஆர்ட் ஆர்ஃபன்ஸ் தம் ‘கிரீன் மான்ஸ்டர்’ காரில் அதைப் பொருத்தி 1965-இல் மணிக்கு 576 மைலைத் தொட்டார்.

இறக்கைகளை ஒட்டாமல் விட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அவை சேரும் இடத்தில் உடலின் இருபுறமும் நீளமான பள்ளம் நிற்கிறது. அதைப் பிளாஸ்டிக் அட்டையால் அடைத்து, மேலே எம்-சீல் பூசி, காய்ந்தபின் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து மட்டமாக்கினேன். வால் உச்சியில் கிடைமட்டமாக அமரும் தகடும் வேண்டாம், ஏனெனில் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது அதன் தொழில். செங்குத்து வாலைத் தொடவில்லை; வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடாமல் நேராக ஓட அது வேண்டும்.

இனி சக்கரம். என் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது இதுதான். விமானத்துக்கு மூன்று கால்கள். அவற்றை அப்படியே வைத்துக்கொள்ள ஆசை வரும். ஆனால் கிரெய்க் பிரீட்லவ் 1963-இல் ‘ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா’வில் 407 மைல் வேகம் சென்றபோதும், வண்டிக்கு மூன்றே சக்கரங்கள் என்பதால் சர்வதேச மோட்டார் கார் கூட்டமைப்பு அதைக் கார் சாதனையாக ஏற்கவில்லை, மோட்டார் சைக்கிள் கூட்டமைப்புதான் ஏற்றது. ஆகவே என் வண்டிக்கு நான்கு சக்கரங்கள்: முன்னிரண்டு மூக்கின் அடியில் நெருக்கமாக, பின்னிரண்டு உடலிலிருந்து நீளும் தாங்குகைகளில் அகலமாக.

கிட்டில் வரும் டயர்கள் நேராக உதிரிப் பெட்டிக்குப் போயின. இந்த வேகத்தில் ரப்பர் தாங்காது. ஆயிரம் மைல் வேகத்துக்கென வடிவமைத்த ‘பிளட்ஹவுண்ட்’ காரின் சுமார் 900 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 10,200 சுற்றுகள் வரை சுழலவேண்டும். அப்போது விளிம்பில் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 50,000 மடங்கு விசை இழுக்கும். அதனால்தான் அவை கெட்டி அலுமினியத்தில் செய்யப்படுகின்றன. அதே அளவை 48-ஆல் வகுத்து, லேத் பட்டறையில் 19 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியிலிருந்து நான்கு வில்லைகள் கடைந்து வாங்கினேன். வாங்கியபடியே பொருத்திவிட்டேன், சாயம் பூசினால்தான் பொம்மைத்தனம் வரும்.

முன்சக்கரங்களில் நான் இத்தனை கவனம் வைப்பதற்குக் காரணம் உண்டு. 2019 ஆகஸ்ட் 27 அன்று, ஓரிகனிலுள்ள ஆல்வர்ட் பாலைவனத்தில் ஈகிளை ஓட்டிய ஜெஸ்ஸி கோம்ஸ், முன்சக்கர அமைப்பு பழுதாகி நேர்ந்த விபத்தில் இறந்தார். தரையில் கிடந்த ஏதோ ஒன்றில் மோதியிருக்கலாம் என்றது விசாரணை. அன்றைய ஓட்டத்தில் அவர் எட்டிய மணிக்கு 841.338 கிலோமீட்டர், பெண்களுக்கான தரைவேகச் சாதனையாகப் பின்னர் கின்னஸில் பதிவானது. அதுவரை இருந்த 1976-ஆம் ஆண்டுச் சாதனை கிட்டி ஓ’நீல் அதே பாலைவனத்தில் நிகழ்த்தியது.

அடுத்தது நிற்கும் கோணம். பறக்கும் வண்டிக்கு மூக்கு நிமிர்வது நல்லது, ஓடும் வண்டிக்கு அதுவே ஆபத்து. அடியில் புகும் காற்று முன்பகுதியைத் தூக்கிவிடும். மாடலைக் கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி, மூக்கின் கீழும் வாலின் கீழும் அட்டைத் துண்டுகளைச் செருகிப் பார்த்தே அச்சுகளை ஒட்டினேன். முன்புறம் ஓர் அட்டை கனம் தாழ்ந்திருக்கிறது. வழக்கமாக விமான மாடல் பின்னால் சாயாதிருக்க மூக்கினுள் ஈயக் குண்டு வைப்போம். பின்சக்கரங்கள் இப்போது வாலருகே போய்விட்டதால் அந்தத் தொல்லை இல்லை.

நிறுத்தும் பாராசூட்டுக்கும் தனியாக எதுவும் செய்யவேண்டியதில்லை. ஸ்டார்ஃபைட்டர் தரையிறங்கும்போது விரிக்கும் பாராசூட் பின்பகுதியின் அடியிலேயே இருப்பதால், அதன் மூடியின் கோடுகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. பின்னச்சின் தாங்குகை அந்த மூடியை மறைக்காதபடி சற்று முன்னே தள்ளி ஒட்டியிருக்கிறேன். பசை இறுகியதும் பிரைமர் அடிக்கவேண்டும்.