பார்க்கிங்ல ஒரு நீலத் திமிங்கலம்

லீவு விட்டாச்சு, அபார்ட்மென்ட் பசங்க எல்லாம் மொபைலும் கையுமா இருக்கறாங்கன்னு பார்க்கிங்ல சாக்பீஸால நீலத் திமிங்கலத்த நிஜ சைஸ்லயே வரைய வச்சோம். 30 மீட்டர் வரைக்கும் வளரும்னு புக்ல படிச்சா ஒண்ணும் தோணாது, டேப் புடிச்சு அளந்துகிட்டே போனா ஜெனரேட்டர் ரூம் வரைக்கும் போயிடுச்சு, செக்யூரிட்டி அண்ணா வேற கார எல்லாம் எடுக்கச் சொல்லி கத்திக்கிட்டே இருந்தாரு.

வால் வரையறப்போதான் சண்டையே. மீன் வால் செங்குத்தா இருக்கும், பக்கவாட்டுல ஆடும். திமிங்கலம் பாலூட்டி, அதோட வால் படுக்கையா இருக்கும், மேலயும் கீழயும் அடிச்சு நீந்தும். ஆளாளுக்கு கையால நீந்திக் காட்டினப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க.

அப்புறம் பேப்பர்ல. தொண்டைக்குக் கீழ வரிவரியா மடிப்பு இருக்கும்ல, அத வெள்ளை கிரேயான்ல அழுத்திப் போட்டுட்டு மேல நீல வாட்டர்கலர் அடிச்சா மெழுகுல கலர் ஒட்டாது, கோடெல்லாம் பளிச்னு எழும்பி வரும். ஈரம் காயறதுக்குள்ள கொஞ்சம் கல்லுப்பு தூவுங்க, அது தண்ணிய உறிஞ்சி பூப்பூவா திட்டு விடும், அதான் எங்களுக்கு கிரில் கூட்டம், அதாவது திமிங்கலம் திங்கற இறால் மாதிரி குட்டி உயிரிங்க! இத்துனூண்டு கிரில்ல தின்னுதான் அவ்ளோ பெரிய உடம்பான்னு ஒரு வாண்டு நம்பவே இல்ல.

அடுத்து நம்ம பாக் விரிகுடா ஆவுளியா, அதாவது கடல்பசு, கடற்புல் மேயறது. 2022ல அதுக்காகவே 448 சதுர கிமீ காப்பகம் அறிவிச்சாங்க. பச்சை கிரேயான் நிறைய வேணும். கிளிட்டர் மட்டும் கேக்காதீங்க, அதுவும் பிளாஸ்டிக்தான், தர மாட்டேன்.