அம்மாவின் டெப்பும் ஓர் ஈர்க்கும்

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை ஆறரை மணிக்கு, டொரொன்டோவில் இருக்கும் அண்ணாவுக்குக் காலையாக இருக்கும் நேரத்தில், அம்மா முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, விறாந்தையில் டெப் எனும் கைக்கணினியுடன் (டேப்லெட்) அமர்ந்துவிடுவார். கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் பேரப்பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரியவில்லை என்பதற்காகவே அந்த டெப்பை வாங்கினோம். ஆகையால் சென்ற ஞாயிறு "தம்பி, டெப் எழும்புதில்லை" என்று அம்மா கூப்பிட்டபோது, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மின்னணுப் பொருட்களைத் திருத்துவது என் தொழில் அன்று. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் சூமுக்கு மாறியபோது, என் மகளின் டெப்பும் அக்காவின் பிள்ளைகளின் டெப்புகளும் முறை வைத்துக் குழப்படி செய்தன. கடைகளும் பூட்டியிருந்த அந்த நாட்களில் நானே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன். அன்று தொடக்கம் இன்றுவரை கண்டதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: வீட்டில் டெப் நின்றுபோனால், பெரும்பாலும் கோளாறு டெப்பின் உள்ளே இருப்பதில்லை. ப்ளக்கிலும் வயரிலும் தூசியிலும் வெயிலிலும் நிரம்பி வழியும் கோப்புகளிலும் பிழையான திகதியிலும்தான் அது ஒளிந்திருக்கிறது. எனவே வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். சார்ஜர், வயர், ப்ளக் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால், டெப் எழும்பினாலும் எது பழுதென்று தெரியாமல், அந்தப் பழுதான வயரையே மறுபடியும் மேசை லாச்சிக்குள் பத்திரப்படுத்தி வைப்போம்.

எழும்பாத டெப்பில் முதலில் அறிய வேண்டியது, அதற்கு உயிர் இல்லையா அல்லது உள்ளே இறுகிப்போய்த் திரை மட்டும் இருண்டிருக்கிறதா என்பதாகும். இறுகிப்போன டெப்பைப் பலவந்தமாக மீள இயக்கலாம். அதனால் படமோ கோப்போ அழியாது. சாம்சங் டெப்பில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து ஏழு விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். முகப்புப் பொத்தான் உள்ள ஐபேடில் அந்தப் பொத்தானையும் மேல் விளிம்பிலுள்ள பொத்தானையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் தோன்றும் வரை பிடிக்க வேண்டும். முகப்புப் பொத்தான் இல்லாத ஐபேடில், மேல் பொத்தானுக்கு அருகிலிருக்கும் ஒலிப் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டு, மற்ற ஒலிப் பொத்தானையும் அவ்வாறே அழுத்தி விட்டு, பிறகு மேல் பொத்தானை விடாமல் பிடிக்க வேண்டும். அம்மாவின் டெப் இதற்கு அசையவில்லை. சார்ஜில் போட்டும் பற்றரிச் சின்னம் வரவில்லை.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். முற்றாக வடிந்துபோன லித்தியம் பற்றரி, சார்ஜில் போட்டவுடன் எதையும் காட்டாது. திரையை ஒளிரச் செய்யும் அளவுக்கு மின் ஏறுவதற்கே அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகலாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "பற்றரி செத்துப்போச்சு" என்று முடிவுகட்டுவது அநியாயம். ஆனால் அன்று நான் கவனித்தது வேறொன்று. வயரின் முனை டெப்பின் துளைக்குள் முழுதாக இறங்கவில்லை. ஒரு நகத்தின் தடிப்பளவு இடைவெளி வெளியே தெரிந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தபோது துளையின் அடியில் சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போல ஏதோ படிந்திருந்தது. அம்மா டெப்பைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்கும் கடற்கரைக்கும் போய்வருபவர். துணிப்பையின் நூல்தூசி உள்ளே போக, ஒவ்வொரு முறையும் வயர் அதை அழுத்தி அழுத்தி ஒரு தக்கை போல ஆக்கிவிட்டிருந்தது. கடல் மணலும் அதில் கலந்திருந்தது.

அதை எடுப்பதற்கு ஊசியோ சட்டைப்பின்னோ பயன்படுத்தக் கூடாது. உலோகம் உள்ளேயிருக்கும் மின்தொடுகைகளைச் சுரண்டும். ஒன்றோடொன்று தொடுக்கவும் கூடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். நான் டெப்பை அணைத்துவிட்டு, புதிய ஈர்க்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து, அதன் நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவிக்கொண்டேன். யூ.எஸ்.பி.-சி துளையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். அதை நெம்பிவிடாமல், சுவரோடு ஒட்டி ஈர்க்கை இறக்கி, மெதுவாக வெளிப்புறம் இழுக்க வேண்டும். இரண்டு தடவை வெறும் தூசி வந்தது. மூன்றாவது தடவை, துளையின் அகலத்துக்கே அச்சுவார்த்தது போன்ற ஒரு தட்டைக் கட்டி முழுதாக வெளியே வந்து அம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது. பிறகு வயரைச் செருகியபோது 'டிக்' என்று அது இறங்கிய ஒலி கேட்டது. இருபது நிமிடங்களில் பற்றரிச் சின்னம் தோன்றியது. ஏழேகால் மணிக்கு அண்ணா திரையில் இருந்தார்.

துளை சுத்தமாக இருந்தும் சார்ஜ் ஏறாவிட்டால், அடுத்ததாகச் சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் சிறிய எழுத்துக்களைப் படிக்க வேண்டும். பழைய கைத்தொலைபேசிச் சார்ஜரில் 5 வோல்ட், 1 அம்பியர் என்றிருந்தால், அது தருவது 5 வாட் மட்டுமே. டெப்பின் பற்றரி 7000 மில்லி அம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், 3.7 வோல்ட்டில் அது ஏறத்தாழ 26 வாட்-மணி. இழப்புகளையும் சேர்த்தால், அந்தச் சார்ஜருக்கு ஆறு மணித்தியாலம் தேவைப்படும். பிள்ளை அதே நேரத்தில் வீடியோவும் பார்த்தால் ஏறுவதும் வடிவதும் சரிக்குச் சரியாகி, "இரவு முழுதும் போட்டும் ஏறவில்லை" என்ற முறைப்பாடு வரும். டெப்போடு வந்த சார்ஜரையே அதற்கென ஒதுக்கி, அதில் ஒரு துண்டு நாடா ஒட்டிப் பெயர் எழுதி வையுங்கள். பழைய வட்ட முனைப் பொயின்ற்றில் சதுர முனைச் சார்ஜரைப் பொருத்துவதற்காகப் போடும் மலிவான மாற்றிகளையும் சந்தேகியுங்கள். தளர்ந்த மாற்றி சூடாகும், இடையிடையே மின் அறும். 2022 இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது: மின் போனவுடன் சார்ஜரைக் கழற்றிவிட்டு, மின் திரும்பி ஐந்து நிமிடம் கழிந்த பிறகே போடுவோம். இன்றும் அதைக் கைவிடவில்லை.

வெப்பத்தைப் பற்றி, திருகோணமலையில் இருப்பவர்கள் தனியே சிந்திக்க வேண்டும். ஐபேடைச் சுற்றுச்சூழல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு உட்பட்ட இடத்தில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. கச்சான் காற்று வீசும் நாட்களில் எங்கள் விறாந்தையே அந்த எல்லையைத் தொட்டுவிடும். அப்போது டெப் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்வதும் திரை மங்குவதும் பழுதல்ல. தன்னைக் காத்துக்கொள்வதற்காக அது செய்வது. உறையைக் கழற்றி, சார்ஜரையும் கழற்றி, நிழலில் சீமெந்துத் தரையில் அரை மணித்தியாலம் வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் வியர்க்கும், அதைச் செய்யவே கூடாது. மழையில் நனைந்த டெப்பை அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசியின் துகள் துளைக்குள் போகும். அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, நன்கு உலர்ந்த பிறகே சார்ஜில் போட வேண்டும்.

வீட்டு வைத்தியம் செல்லாத ஒரு கோளாறைச் சொல்லிவிடுகிறேன். இணையவழி வகுப்புகள் முடிந்த பிறகு அலுமாரிக்குள் போட்டு மறந்திருந்த ஒரு டெப்பை அக்கா எடுத்து வந்தார். மேசையில் வைத்தபோது அது நிலையாக நிற்காமல் ஆடியது. திரையின் ஒரு விளிம்பு மேலெழுந்து, கோடு போல இடைவெளி தெரிந்தது. பற்றரி வீங்கியிருந்தது. அப்படியானதைச் சார்ஜில் போடக் கூடாது, அழுத்தி மூடக் கூடாது, குத்தவோ குப்பையில் எறியவோ கூடாது, தீப்பற்றும். தீப்பிடிக்கக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி வைத்து, திருத்துபவரிடம் நேரே ஒப்படைக்க வேண்டும். நீண்ட காலம் பாவிக்காமல் வைப்பதென்றால், பற்றரியை அரைவாசி அளவில் விட்டு அணைத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடியும் அரைவாசிக்கு ஏற்றி வைப்பது நல்லது.

டெப் மெதுவாக இயங்குகிறது என்ற முறைப்பாட்டுக்கு, எங்கள் குடும்பங்களில் முதற் காரணம் வாட்ஸ்அப். 32 ஜி.பி. என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், அதில் கணிசமான பங்கை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. மீதி இடத்தில், கோயில் குழு, பழைய மாணவர் குழு, உறவினர் குழு ஆகியவற்றில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் தாமாகவே இறங்கி நிரம்பிவிடுகின்றன. வாட்ஸ்அப் அமைப்புகளில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தி, சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதியில் பெரிய கோப்புகளைப் பார்த்து அழித்தால், பாதிக் குறை தீரும். அழித்த படங்கள் ஐபேடில் 30 நாட்கள் வரை 'அண்மையில் நீக்கியவை' பகுதியில் தங்கியிருக்கும் என்பதால், அங்கேயும் போய் அழித்தால்தான் இடம் கிடைக்கும். சம்பந்தமே இல்லாமல் விளம்பரங்கள் திரையை மறைத்தால், பிள்ளைகள் இறக்கிய ஏதோவொரு செயலிதான் காரணம். அன்ட்ரொய்டில் பவர் பட்டியலைத் திறந்து, அணைக்கும் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் பாதுகாப்புப் பயன்முறைக்குப் போகலாம். அங்கே வெளியிலிருந்து இறக்கிய செயலிகள் இயங்காது. விளம்பரம் நின்றுவிட்டால், கடைசியாக இறக்கியவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிவர வேண்டும்.

வைஃபை விடயத்தில் ஒரு சோதனை போதும்: அதே இடத்தில், அதே வைஃபையில் கைத்தொலைபேசி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதிலும் இல்லையென்றால் டெப்பைத் தொட வேண்டாம். ரவுட்டரை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டு, அது முழுதாக எழும்பும் வரை சில நிமிடங்கள் காத்திருங்கள். தொலைபேசியில் மட்டும் வேலை செய்தால், டெப்பில் அந்த வைஃபை பெயரை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. ஆனால் தடித்த சுவரைத் தாண்டும்போது 2.4 கிகாஹேர்ட்ஸை விட விரைவாகத் தளர்ந்துவிடும். அறைக்குள் இருந்து பார்ப்பவர்களுக்குப் பின்னையதே நம்பகமானது.

இணைப்பு இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காமல், 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கையே ஒவ்வொன்றிலும் வந்தால், திகதியைப் பாருங்கள். ஒருமுறை அம்மாவின் டெப் முற்றாக வடிந்து எழும்பியபோது, அதில் 1970 ஜனவரி 1 என்றிருந்தது. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. டெப் தன்னை 1970 இல் இருப்பதாக நினைத்தால், எல்லாச் சான்றிதழ்களையும் செல்லாதவை என்று தள்ளிவிடும். தானாக நேரத்தைப் பெறும் தெரிவை நான் இயக்கிய கணத்திலேயே எல்லாம் திறந்தது. அதற்கு முன் இரண்டு நாட்கள் ரவுட்டரோடு மல்லுக்கட்டியிருந்தேன்.

தொடுதிரை தானாகவே அங்குமிங்கும் அழுத்துப்பட்டால், முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். கழற்றியவுடன் சரியாகிவிட்டால், குற்றம் சார்ஜரில்; மட்டமான சார்ஜரிலிருந்து கசியும் மின்னிரைச்சல், விரலின் மின்னூட்டத்தை உணரும் திரையைக் குழப்புகிறது. ஒலி கேட்காவிட்டால் புளூடூத்தை அணைத்துப் பாருங்கள். அடுத்த அறையிலிருக்கும் ஒலிபெருக்கியோடு அது சேர்ந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது, டெப்பைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது. இதைப் பற்றி எழுதும்போது என் மனம் இன்னும் கனக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், மெதுவாக இயங்கிய டெப்பை ஒரு கடையில் கொடுத்தேன். எதையும் கேட்காமல் அவர்கள் முழுவதையும் அழித்துத் திருப்பித் தந்தார்கள். அப்பா காலமாவதற்கு முந்தைய ஆண்டில் கோணேசர் கோயில் முன்றலில், கடலைப் பார்த்தபடி நின்ற அவரை நான் எடுத்த படங்கள் அதில் மட்டுமே இருந்தன. அவை திரும்பி வரவில்லை. அழிக்க முன் படங்களைக் கூகுள் போட்டோசிலோ ஒரு பென் டிரைவிலோ பிரதியெடுக்க வேண்டும் என்று அந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. இன்று எவருடைய டெப்பைத் தொட்டாலும், முதலில் படங்களைப் பிரதியெடுத்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குகிறேன். கடைக்குக் கொடுப்பதாயின், "என்னைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டிக் கொடுக்கிறேன். இன்னொன்று: 2015 இல் வந்த அன்ட்ரொய்டு 5.1 தொடக்கம், பூட்டப்பட்ட டெப்பை வெளியிலிருந்து அழித்தால், முன்பிருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அது திறக்காது. அந்தக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் வீட்டில் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் மருந்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

சில டெப்புகளுக்கு வயதுதான் நோய். வாட்ஸ்அப் 2023 ஒக்டோபரிலிருந்து அன்ட்ரொய்டு 5.0 க்குக் குறைந்தவற்றில் இயங்குவதில்லை. எந்த ஈர்க்காலும் அதைத் திருத்த முடியாது. மகளின் பழைய டெப் அப்படித்தான் ஒதுங்கியது. வங்கி, மின்னஞ்சல் கணக்குகள் அனைத்தையும் அதிலிருந்து நீக்கி, இணையத்தையும் துண்டித்துவிட்டேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும், 'நூலகம்' எனும் மின்னூலக இணையத்தளத்தில் கிடைக்கும் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளையும் கணினியில் இறக்கி, மெமரி கார்ட் மூலம் அதில் போட்டிருக்கிறேன். மாலையில் அம்மா விறாந்தையில் அண்ணாவோடு பேசும்போது, பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி, அதில்தான் நான் வாசிக்கிறேன்.