ஓடாத கீமேன்

ரயில்வே விருதுப் படிவத்தில் 'செய்த அரிய செயல்' என்று ஒரு கட்டம் உண்டு. தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் அதில் குறிக்க வேண்டும். தினமும் தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் எங்கள் இளைய கீமேனுக்கு அதை நிரப்புவது எனக்குச் சிரமமாக இல்லை. மார்கழிக் காலை 6.20. பனியில் சுருங்கிய தண்டவாளம் ஒரு வெல்டில் (பற்றவைத்த இணைப்பில்) முறிந்து இடைவெளி விட்டிருந்ததைக் கண்டார். சிவப்புக் கொடியோடு வண்டி வரும் திசையில் ஓடினார். 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர் (சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சிறு வெடி), 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. வண்டி நின்றது. ஜல்லியில் விழுந்து முழங்கால் கிழிந்து நின்றவரை அப்படியே கட்டிக்கொண்டேன்.

அவர் பெயரை அனுப்பியதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. உறுத்துவது அதற்கு மறுநாள் நடந்த பேச்சு.

பக்கத்து பீட்டின், அதாவது அடுத்த நடைப்பகுதியின், கீமேன் விடுப்பு விண்ணப்பம் கொடுக்க வந்திருந்தார். 34 ஆண்டு சர்வீஸ். "நல்ல பெயராக அனுப்பினீர்கள் சார். பையன் நன்றாக ஓடினான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் பீட்டில் ஓடுகிற மாதிரி ஒரு நாளும் வரவில்லை" என்றார்.

"அடுத்த வருடம் உங்கள் பெயர்தான் அண்ணே" என்றேன்.

"சரி சார்" என்று சிரித்துவிட்டு, சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதை ஒட்டி, இந்த விருதுகள் அப்போது ஏப்ரலில் வழங்கப்பட்டு வந்தன. அவர் ஓய்வு பெறும் நாளோ அந்த நவம்பர் 30. அவருக்கு அடுத்த ஏப்ரல் என்பதே இல்லை. எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவருக்கு மறந்திருக்க வழியில்லை. ஏன் என்னைத் திருத்தாமல் போனார்? அவர் சொன்னது பெருமையா, மனக்குறையா? இரண்டு விதமாகவும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டையான ஸ்லீப்பர், கிலோமீட்டருக்கு 1,660. ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் நான்கு கிளிப். பெரியவரின் ஆறு கிலோமீட்டர் பீட்டில் ஏறக்குறைய நாற்பதாயிரம். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றொன்று என்று தினமும் பார்த்து வருவார். தளர்ந்த கிளிப்பைச் சுத்தியல் படும் ஓசையிலேயே கண்டுபிடித்து அடித்து ஏற்றிவிடுவார். இதை எந்தத் தேதியில், எந்தக் கிலோமீட்டரில் செய்தார் என்று எழுதுவது?

ஆனால் நான் நியாயமாகவும் இருக்க வேண்டும். அவர் பீட்டில் கிடந்தவை பிற்காலத்தில் போட்ட புதிய தண்டவாளங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் விரிசலை எந்தக் கீமேனின் கண்ணும் காணாது. அதற்கு அல்ட்ராசோனிக் சோதனைதான் வேண்டும். முறிவே வராததற்கு அதிர்ஷ்டமும் ஒரு காரணம். வராத ஒன்றுக்கு விருது கொடுத்தால், உயிரைக் கொடுத்து ஓடியவனுக்கு என்ன மரியாதை? இப்படி வாதிட்டு என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். அது ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை.

காரணம், அந்த முறிந்த வெல்ட். அதன் அடியில் ஸ்லீப்பர் பேக்கிங், அதாவது கீழே இறுக்கிய ஜல்லி, தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில் ஒவ்வொரு சக்கரமும் வெல்டை இடித்துக்கொண்டே போகும். இளையவர் அதை என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். அதைச் சரிசெய்யும் தொழிலாளர் கேங்கை நான் வேறு இடத்துக்கு அனுப்பினேன். அவர் மறுபடி கேட்கத் தயங்கினார். பெரியவராக இருந்தால் விட்டிருக்க மாட்டார். ஆள் அனுப்பும் வரை தினமும் அலுவலக வாசலில் வந்து நிற்பார். அதற்காக அவர்மேல் நான் எரிச்சல்பட்டதும் உண்டு. இளையவரின் ஓட்டத்தை அரிய செயல் என்று எழுதிய கைதான், அந்த ஓட்டம் தேவைப்படும்படி செய்த கையும்.

முறிவுக்கான அறிக்கையில் பேக்கிங் தளர்வைக் குறிப்பிட்டேன். விருதுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்த ஆண்டு நானே மேலதிகாரியிடம் போய், ஓய்வுக்கு முன் பெரியவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன எழுதுவது என்ற குழப்பத்திலேயே நவம்பர் வந்துவிட்டது.

கடைசி நாளன்று சாமான்களை என் மேசையில் பரப்பி வைத்தார். சுத்தியல், ஸ்பேனர், கொடிகள், டெட்டனேட்டர் டப்பா. வழக்கப்படி டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. "சரியாக இருக்கிறதா சார்?" என்றார். இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.