கிறுகிற நேரம்

2024 ஜூன் 17, திங்கள், விடியப்புறம் 3 மணி

யூரோ உதைபந்தாட்டக் கிண்ணம். இங்கிலாந்து 1, சேர்பியா 0. வெண்டது வெண்டதுதான், ஆனா படுத்தும் நித்திரை வருதில்ல. 13ஆவது நிமிசம் சாகா வலப்பக்கத்தால கொண்டுபோய்ப் போட்ட பந்து சேர்பியாக்காரனில பட்டு எழும்ப, பெல்லிங்ஹாம் ஓடி வந்து தலையால குத்தினான். அதோட கடையப் பூட்டிட்டாங்க. மிச்சம் எழுபத்திச் சொச்சம் நிமிசமும் பின்னுக்கு ஒரு பாஸ், பக்கத்துக்கு ஒரு பாஸ்.

கல்லடியில மச்சான்ட வீட்டு விறாந்தையில நாங்க நாலு பேர். மச்சான், அவன்ட மகன் (எனக்கு மருமகன், ஓஎல் சோதினை எடுக்கப் போறவன், படிப்புத் தவிர மத்த எல்லாத்திலயும் கெட்டிக்காரன்), காத்தான்குடி நானா, நான். உலகக் கிண்ணம் வந்தா மட்டக்களப்பில பாதி ஊர் பிரேசில், பாதி ஊர் ஆர்ஜென்டினா. இங்கிலாந்துக்குக் கத்துற ஆக்கள் இந்த விறாந்தைக்குள்ள அடங்கிடும். அதுக்குக் காரணம் மச்சான். 1998இல ஆர்ஜென்டினாவுக்கு எதிரா மைக்கல் ஓவன் ஓடிப் போட்ட கோலைப் பக்கத்து வீட்டுப் பழைய டீவியில பாத்தவன். ஓவனுக்கு அப்ப 18 வயது. அண்டையிலிருந்து மச்சானுக்கு உதைபந்தாட்டம் எண்டாலே ஓட்டம்தான்.

"விடிஞ்சா பெருநாள் தொழுகை. நான் இஞ்ச குந்தி இவனுகள்ட நடையப் பாத்துக்கிட்டு இரிக்கன்" எண்டு நானா சாரத்தை உதறிக்கொண்டு எழும்பினார். பின்னேரம் வட்டிலப்பம் அனுப்புறன் எண்டார். அதுக்காக எண்டாலும் இந்த டீம் வெல்லட்டும்.

ஜூன் 20, வியாழன் இரவு

டென்மார்க்கோட 1–1. வோக்கர் ஒருத்தன்ட காலிலிருந்து பந்தைக் களவெடுத்து உள்ளுக்குப் போட, 18ஆவது நிமிசம் கேன் அடிச்சான். 34இல டென்மார்க்கின்ட ஹியுல்மாண்ட் தூரத்திலிருந்து அடிச்சது கம்பத்தில பட்டு உள்ள போயிட்டு. மறுகா ஒண்டுமில்ல.

மெட்ச் முடிஞ்சுதான் உண்மையான மெட்ச் தொடங்கினது. நானாட குற்றச்சாட்டு கேன் மேல. "முன்னுக்கு நிக்க வேண்டியவன் நடு மைதானத்துக்கு வந்து பந்து பொறுக்கினா, முன்னுக்கு ஆரு இரிக்கா? டென்மார்க் டிபென்ஸ் கதிரை போட்டு இருந்திருக்கலாம்." மருமகன் அதை ஒத்துக்கொள்ளல்ல. கேன் பின்னுக்கு வாறது பிழையில்லயாம், அவன் வாற நேரம் அவனைத் தாண்டி ஓட ரெண்டு பேர் வேணுமாம், ஃபோடனும் பெல்லிங்ஹாமும் சாகாவும் பந்தைக் காலுக்கே கேக்கிற ஆக்களாம். நடுவில வேற, ரைட் பெக் விளையாடுற அலெக்ஸாண்டர்-ஆர்னல்ட். நடுவில முந்தி ஆடின கல்வின் பிலிப்ஸுக்குப் பதிலாளே இல்ல எண்டு கோச் சவுத்கேட் தானே சொன்னாராம்.

"ஆளில்லயா? அந்தோனி கோர்டன் பெஞ்சில குந்திக்கொண்டு இருக்கானே, அவனுக்குக் கால் இல்லயா?" மச்சான் இந்தக் கேள்வியை இண்டைக்கு ஒன்பது தரம் கேட்டிருப்பான்.

மூண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனா நான் பாத்துக்கொண்டிருந்தது வேற ஒருத்தனை. டிரிப்பியர்.

லூக் ஷோவுக்குத் தொடைத்தசைக் காயம், பெப்ரவரியிலிருந்து மெட்ச் ஆடல்ல. டீமில இருக்கிற ஒரே ஒரு அசல் லெஃப்ட் பெக், பின்னுக்கு இடப்பக்கம் காக்கிறவன், அவன்தான். அந்த இடத்தில வலதுகால்காரன் டிரிப்பியரைப் போட்டிருக்கு. பாக்கிறவனுக்கு இது சின்ன விசயம். ஒரு வலதுகால்காரனா ஆறு வருசம் லெஃப்ட் பெக் நிண்ட எனக்குச் சின்ன விசயமில்ல.

பந்து இடப்பக்கக் கோட்டோரம் வருது எண்டு வையுங்க. இடதுகால்காரன் அதை முதல் தொடுகையிலயே முன்னுக்குத் தள்ளி, ரெண்டாவதில கோட்டோட நீட்டிடுவான். வலதுகால்காரன் என்ன செய்வான்? பந்தை நிப்பாட்டுவான். உடம்பைத் திருப்பி உள்ளுக்குக் கிறுகுவான். வலதுகாலுக்கு எடுப்பான். அதுக்குப் பிறகுதான் நிமிந்து பாப்பான். ஒரு செக்கன், கூடினா ஒண்டரை. அதுக்குள்ள எதிர் டீம் முழுக்க நாலடி நகந்து கதவைச் சாத்திடும். முன்னுக்கு ஓடத் தொடங்கினவன் ஓட்டத்தை நிப்பாட்டிட்டுத் திரும்பி வருவான். நாலு தரம் இப்பிடி ஏமாந்தா அஞ்சாந்தரம் அவன் ஓடவே மாட்டான். பாக்கிற சனம் "இவனிட்ட ஸ்பீட் இல்ல" எண்டு அவனைத் திட்டும்.

இதை அங்க வாய் திறந்து சொல்லல்ல. சொன்னா மச்சான் என்ன கேப்பான் எண்டு தெரியும்.

ஜூன் 21, வெள்ளி, போயா (பௌர்ணமி லீவு)

கொழும்பிலிருந்து வந்த குடும்பம் ஒண்டு இரவு என்ட ஓட்டோவைப் பிடிச்சுது, கல்லடிப் பாலத்தில மீன் பாடுறது கேக்கணுமாம். பழைய இரும்புப் பாலத்தில நிப்பாட்டினன். வீச்சுவலைக்காரர் ரெண்டு பேர் நிண்டாங்க. தோணியில போய்த் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியில காதை வச்சாத்தான் கேக்கும் எண்டு எங்கட ஆக்கள் சொல்றது வழமை. இவங்க பாலத்துக் கம்பியில காதை வச்சுக்கொண்டு நிண்டாங்க. "கேக்குதா?" எண்டன். "கேக்குது, கேக்குது" எண்டு அந்த ஐயா சொன்னார், மனிசி சிரிச்சா. பிறந்து 43 வருசம், எனக்கு இன்னும் கேக்கல்ல.

ஜூன் 22, சனி

எங்கட கழகத்துக்கு ஒரு நினைவுக் கிண்ண மெட்ச். கச்சான் காத்து மண்ணை அள்ளிக் கண்ணுக்குள்ள போடுது. (இந்த ஊரில காத்தும் கச்சான், கொறிக்கிறதும் கச்சான். ரெண்டும் கிறவுண்டில கிடைக்கும்.) 0–1 எண்டு தோத்தம்.

இடப்பக்கம் முன்னுக்கு நிக்கிறவன் கடலுக்குப் போற வீட்டுப் பொடியன், 17 வயது. தோணி தள்ளின கால், மண்ணில ஓடினாலும் தார் ரோட்டில ஓடுற மாதிரித்தான். அவன் ஓட வெளிக்கிட்டதைக் கோட்டோரம் நிண்டு எண்ணினன். 14 தரம். பந்து வந்தது மூண்டு தரம். ரெண்டாம் பாதியில அவன் இடுப்பில கை வச்சுக்கொண்டு நிண்டான், கழகப் பெரியவர் ஒருத்தர் எனக்குப் பக்கத்தில நிண்டு "இவனுக்கு மூச்சில்ல" எண்டார்.

எங்கட லெஃப்ட் பெக்கும் வலதுகால்காரன். நல்ல பொடியன், பயந்த பொடியன். பந்து வரும், கிறுகுவான். "அவக்கெண்டு விடடா, கெதியா!" எண்டு சனம் கத்தும். அவக்கெண்டு விடுறதுக்கு அவனிட்ட அந்தப் பக்கம் கால் இல்ல எண்டது கத்துறவங்களுக்குத் தெரியாது.

ஜூன் 26, புதன், விடிய

ஸ்லோவேனியா 0–0. குழுவில முதலிடம்தான், மூண்டு மெட்ச்சில ரெண்டே கோல். முடிஞ்சதும் கைதட்டப் போன சவுத்கேட்டுக்கு இங்கிலாந்துச் சனமே பிளாஸ்டிக் கப் எறிஞ்சுது. கோர்டனை 89ஆவது நிமிசம் இறக்கினாங்க. மச்சான் எழும்பி டீவியைக் கும்பிட்டான்.

ஜூன் 30, ஞாயிறு இரவு

நேத்து இரவு இந்தியா கிரிக்கட் உலகக் கிண்ணம் எடுத்ததால ஊர் முழுக்க அதுதான் கதை. எங்கட விறாந்தையில மட்டும் ஸ்லோவாக்கியா.

25ஆவது நிமிசம் ஸ்ராண்ஸ் போட்டான். மணி ஓடுது, இங்கிலாந்து நடக்குது. 90 முடிஞ்சு மேலதிக நேரம் போட்டதும் மச்சான் எழும்பி, "இனி இதுகளுக்குக் காவல் இருக்க ஏலாது" எண்டு கிணத்தடிக்குக் கால் கழுவப் போயிட்டான். 95ஆவது நிமிசம் வோக்கர் கையால நீட்டி எறிஞ்சான், கெய்ஹி தலையால தட்டினான், பெல்லிங்ஹாம் தலைகீழாப் பறந்து அடிச்சான். நாங்க கத்தின சத்தத்துக்கு மச்சான் வாளியோட ஓடி வாறான். திருப்பிப் போட்டுக் காட்டினதைத்தான் பாத்தான். பிறகு அரை மணித்தியால எக்ஸ்ட்ரா டைம் தொடங்கின உடனே, கணக்குக்கு 91ஆவது நிமிசமே, கேன் அடிச்சு 2–1.

"தொண்ணூற்றஞ்சு நிமிசம் காலால ஏலாததை ஒருத்தன் கையால எறிஞ்சு செய்யவேண்டிக் கிடந்திருக்கு" எண்டான் மச்சான், வாளியை வைக்காமலே. இந்த மாதத்தில அவன் சொன்ன ஆகச் சரியான கதை அது.

ஜூலை 6, சனி இரவு

சுவிஸ் 1–1, பெனால்டியில 5–3. பின்னுக்கு மூண்டு பேரை நிப்பாட்டி ஆடினாங்க, முதல்ப் பாதி கொஞ்சம் உயிர் இருந்தது. 75இல எம்போலோ போட்டதும் நானா செருப்பைத் தேடத் தொடங்கிட்டார். 78ஆவது நிமிசம் பால்மர், எஸே, ஷோ மூண்டு பேரும் ஒண்டா இறங்கினாங்க, வெளிய போனவங்களில டிரிப்பியரும் ஒருத்தன். 80ஆவது நிமிசம் சாகா வலப்பக்கத்திலிருந்து உள்ளுக்கு வெட்டி இடதுகாலால தூரக் கம்பத்துக்கு அடிச்சான்.

கோல் விழுந்தது மற்றப் பக்கத்தால, அதுக்கு ஷோ காரணம் எண்டு நான் சொல்ல வரல்ல. ஆனா வந்த கொஞ்ச நேரத்திலயே ஒரு பந்தைக் கிறுகாமல் கோட்டோட விட்டான். நான் "பாத்தியா!" எண்டு கத்திட்டன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அங்க ஒண்டும் நடக்கல்லயே எண்டு மருமகன் கேட்டான்.

வேற வழியில்லாமல் டிரிப்பியர் விசயம் முழுக்கச் சொல்லவேண்டி வந்துட்டு. நானா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். மச்சான் கச்சான் கோது உரிச்சுக்கொண்டு, நான் முடிக்கும் மட்டும் பேசல்ல. முடிஞ்சதும்:

"அப்ப 2003இல?"

இதுக்குத்தான் நான் வாயைத் திறக்கல்ல. 2003, சமாதான காலம், பாதைகள் திறந்து எல்லா ஊர் டீமும் வந்து விளையாடின நேரம். வெபர் மைதானம். அமெரிக்காவிலிருந்து வந்து இஞ்சயே தங்கிப் பிள்ளைகளைப் பழக்கின வெபர் அடிகளார்ட பேர் வச்ச கிறவுண்டில ஆடுறதே எங்களுக்குப் பெரிய விசயம். அரையிறுதி, 0–0, கடைசி நிமிசம். மச்சான் இடப்பக்கம் தனிய வெட்டிக்கொண்டு ஓடுறான், "விடு!" எண்டு கத்துறான். நான் கிறுகினன். நிமிந்து பாக்க அவனுக்கு முன்னால ரெண்டு பேர். பெனால்டியில தோத்தம். அடுத்த வருசம் அவன் என்ட தங்கச்சியைக் கட்டினான். "பந்துதான் தரல்ல, தங்கச்சியத் தந்தான்" எண்டு கல்யாண வீட்டில சொல்லிச் சிரிச்சவன், மற்ற நாளெல்லாம் ஒரே கேள்விதான்: "நான் கூப்பிட்டது கேக்கல்லியா?" நானும் 21 வருசமா ஒரே மறுமொழிதான். சனத்தின்ட சத்தத்தில கேக்கல்ல.

இண்டைக்கும் அதையே சொன்னன்.

ஜூலை 11, வியாழன், விடிய

நெதர்லாந்து 2–1! பாதி நேரத்தில டிரிப்பியரை எடுத்திட்டு ஷோவைப் போட்டாங்க. 81இல கேனை எடுத்து வொட்கின்ஸ். மச்சான் 20 நாளாக் கேட்ட ஓட்டக்காரன் கடைசியா வந்தான், ஆனா கோல் ஓட்டத்தால வரல்ல. 90ஆவது நிமிசம் பால்மர் குடுத்த பந்தைக் கோலுக்கு முதுகு காட்டினபடி வாங்கி, ஒரு கிறுகல், தூர மூலைக்கு ஒரு அடி. கிறுகினான் எண்டு கண்ணுக்குத் தெரிய முந்திப் பந்து உள்ள.

"இதும் கிறுகல்தானே மாமா?" எண்டான் மருமகன். ஓம். எனக்கு மறுமொழி வரல்ல.

ஜூலை 13, சனி

எங்கட லெஃப்ட் பெக் பொடியனைப் பின்னேரம் கூப்பிட்டு, பூட்ஸை இடதுகாலில மட்டும் போடச் சொன்னன். வலதுகால் வெறுங்கால். மதில்ல 200 தரம் அடிக்கச் சொன்னன். வெறுங்கால்ல அடிச்சா நோகும், தானா மற்றக் காலுக்கு மாறுவான். முதல் ஐம்பதும் பக்கத்து வளவுக்குள்ள போச்சு, அந்த வீட்டு அம்மா பந்தோட எங்களுக்கு ஏச்சும் சேத்துத் தந்தா. கடலுக்குப் போற பொடியன் வந்து ஒண்டும் பேசாமல் பந்து பொறுக்கிக் குடுத்தான்.

ஜூலை 15, திங்கள், விடிய

ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. 1966 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு இந்த ஆம்பிளை டீமுக்கு இன்னும் ஒரு பெரிய கிண்ணமும் இல்ல. முந்தநாள் 17 வயது ஆன யமால் குடுக்க 47இல நிக்கோ வில்லியம்ஸ். 73இல பால்மர் சமன் பண்ணினான். 86ஆவது நிமிசம் இடப்பக்கத்தால குக்குரேயா. இடதுகால் லெஃப்ட் பெக். பந்து வருது, நிப்பாட்டல்ல, கிறுகல்ல, வந்தபடியே இடதுகாலால தாழ விட்டான். ஒயார்சபால் சறுக்கிக்கொண்டு வந்து காலை வச்சான்.

திருப்பிப் போட்டுக் காட்டினாங்க. ஆரும் பேசல்ல. மச்சான் டீவியைப் பாக்காமல் என்னைப் பாத்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 16, செவ்வாய் இரவு

சவுத்கேட் விலகிட்டாராம். மருமகன் போனில காட்டினான். எட்டு வருசம், ரெண்டு ஐரோப்பிய இறுதிப் போட்டி, ரெண்டிலயும் தோல்வி. மனிசன் பாவம் எண்டுதான் எனக்குப் பட்டுது.

தங்கச்சி புட்டு அவிச்சிருந்தா, சாப்பிட்டுப் போகச் சொன்னா. விறாந்தையில நானும் மச்சானும் மட்டும்.

"கேட்டது மச்சான்" எண்டன்.

"என்ன?"

"2003இல. நீ கூப்பிட்டது கேட்டது. இடதுகாலால அடிச்சா வெளிய போயிடும் எண்டு பயம்."

அவன் புட்டைக் குழைச்சுக்கொண்டே இருந்தான். கன நேரம். மறுகா உள்ளுக்குப் பாத்து, "இஞ்சேர், உன்ட கொண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் மீனாணம் ஊத்து" எண்டான். என்ட பக்கம் கிறுகி, "அந்தப் பொடியன் இப்ப எத்தின அடிக்கான்?" எண்டு கேட்டான்.

"200க்கு 60 மதில்ல படுது."

"சனிக்கிழமை நானும் வாறன்" எண்டான்.