கேன் தண்ணி ஆப்: நோட்டுல வரைஞ்சதுல இருந்து ப்ளே ஸ்டோர் வரைக்கும் நாங்க பட்ட பாடு

ஒருவழியா எங்க ஆப் ப்ளே ஸ்டோர்ல வந்துருச்சு. சந்தோஷம் ஒருபக்கம், இன்னும் ஆறாத கோவம் ஒருபக்கம், அதான் சூட்டோட சூடா எழுதிடறேன். காசு சேத்து வெச்சுக்கிட்டு ஒரு ஆப் செஞ்சு பாக்கலாம்னு யாராச்சும் இருந்தா அவங்களுக்கு இது உதவும்.

வீட்டுக்காரர் கோயமுத்தூர்ல 20 லிட்டர் கேன் தண்ணி ஏஜென்சி வெச்சிருக்கார். இந்தத் தொழில்ல தண்ணிக் காசை விட காலி கேன் கணக்குதான் பெரிய தலைவலி. யார் வீட்ல எத்தனை கேன் நிக்குது, யார் அட்வான்ஸ் குடுத்தாங்க, வீடு காலி பண்ணிட்டுப் போனவங்க கேனைத் திருப்பிக் குடுத்தாங்களா, எல்லாமே ஒரு டைரியில கிறுக்கி வெச்சிருக்கும். டெலிவரி பையன் வாசல்ல நின்னுக்கிட்டே ரெண்டு குடுத்தேன் ஒண்ணு எடுத்தேன்னு தட்டணும், மாசக் கடைசியில பில் தமிழ்ல வரணும், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல சிக்னல் இல்லன்னாலும் வேலை செய்யணும், இவ்ளோதான் ஐடியா. ஸ்கிரீன் எல்லாம் நானே நோட்டுல வரைஞ்சு குடுத்தேன், ஒரு கம்பெனியைப் புடிச்சோம், ஆப் ஓரளவு சொன்னபடியே வந்துச்சு.

மொத சண்டை பிரின்டர்ல. பையனுங்க கையில வெச்சிருக்கறது 58 எம்எம் ப்ளூடூத் தெர்மல் பிரின்டர். தமிழ்ல பில் போட்டா வரிசையா கேள்விக்குறியா வருது. கேட்டா "தமிழ் சப்போர்ட் ஆகாதுங்க மேடம், இங்கிலீஷ்லயே வெச்சுக்கலாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. எங்க கஸ்டமர்ல பாதிப்பேர் பில்லைத் தமிழ்ல படிச்சுப் பாத்துட்டுதான் காசே எடுப்பாங்க, அதை எப்படி விடறது? நானே உக்காந்து தேடிப் படிச்சதுல விஷயம் புரிஞ்சுது. இந்த விலை கம்மி பிரின்டருக்குள்ள தமிழ் எழுத்தே இருக்காது, அதனால எழுத்தா அனுப்பக்கூடாது, பில் முழுசையும் ஒரு படமா மாத்தி அனுப்பணும். 58 எம்எம் பிரின்டர்ல அகலம் பொதுவா 384 புள்ளி, அந்த அகலத்துக்கு கறுப்பு வெள்ளைப் படமா அனுப்பினா கொம்பு, கால் எதுவும் பிரியாம அப்படியே வருது. இதை நான் எடுத்துச் சொன்னதுக்கு அப்புறம் பண்ணிக் குடுத்தாங்க. "காலி கேன் பாக்கி: 3"ன்னு மொத பில் சுத்தமா தமிழ்ல வெளிய வந்தப்ப எனக்கு நெஜமாவே கண்ணு கலங்கிருச்சு. பிடிஎஃப்லயும் இதே பிரச்சனை வரும், பிடிஎஃப் உருவாக்க டெவலப்பருங்க எடுத்துப் போடற சில ரெடிமேட் லைப்ரரியில 'கொ'ங்கிறது மூணு துண்டா நிக்கும். அதனால டெமோ பாக்கறப்பவே உங்க ஊர், தெரு, கஸ்டமர் பேரைத் தமிழ்ல அடிச்சு ஒரு பிடிஎஃப் எடுத்துப் பாத்துடுங்க.

அடுத்தது இதை விட மோசம். ஆப் முடிஞ்சு கடைசி தவணை குடுக்கற நேரத்துல "சோர்ஸ் கோட் வேணும்னா தனி சார்ஜ் ஆகும்"ங்கறாங்க. சோர்ஸ் கோட்னா ஆப்பை எழுதின மூல நிரல். ஆப்போட உள் அடையாளப் பேரான பேக்கேஜ் நேமையும் அவங்க கம்பெனி பேர்ல வெச்சு, அவங்க கணக்குலயே ஏத்த ரெடியா வெச்சிருக்காங்க. நல்ல வேளையா பேசி முடிச்ச அன்னிக்கு அந்த ஓனர் வாட்ஸ்அப்ல "கோட், டிசைன் எல்லாமே உங்களுக்குதான் மேடம்"னு அனுப்பியிருந்தார், அந்த மெசேஜைக் காட்டினதும்தான் எறங்கி வந்தாங்க. பேக்கேஜ் நேம் ஒருதடவை ப்ளே ஸ்டோர்ல ஏறிட்டா அப்புறம் மாத்தவே முடியாது, நாங்க ஏத்தறதுக்கு முன்னாடியே புடிச்சதால தப்பிச்சோம். கொட்டேஷன்லயே நாலு விஷயம் எழுதி வாங்கிடுங்க: சோர்ஸ் கோட் நமக்கு, ப்ளே கன்சோல் கணக்கு (ப்ளே ஸ்டோர்ல ஆப்பை ஏத்தற கணக்கு) நம்ம மெயில்ல, சைனிங் கீயும் (ஆப்புக்குப் போடற டிஜிட்டல் கையெழுத்து) அதோட பாஸ்வேர்டும் நம்ம கையில, சர்வர் நம்ம பேர்ல. வாய்ப் பேச்செல்லாம் கடைசி தவணை அன்னிக்கு நிக்காது.

கன்சோல் கணக்கு ஓப்பன் பண்றது சுலபம், 25 டாலர், ஒருதடவை கட்டினாப் போதும், கார்டுல இன்டர்நேஷனல் டிரான்ஸாக்‌ஷன் ஆன்ல இருக்கணும். வீட்டுக்காரர் பேர்ல தனிநபர் கணக்கா எடுத்தோம். இங்கதான் பலபேருக்குத் தெரியாத ஒரு ரூல் இருக்கு. 2023 நவம்பர் 13க்கு அப்புறம் ஓப்பன் பண்ணின தனிநபர் கணக்குன்னா ஆப்பை நேரா வெளியிட முடியாது, க்ளோஸ்டு டெஸ்டிங்ல, அதாவது நாம லிஸ்ட்ல சேத்தவங்க மட்டும் ஆப்பைப் போட்டுப் பாக்கற கட்டத்துல, குறைஞ்சது 12 பேர் தொடர்ச்சியா 14 நாள் சேந்திருக்கணும், அப்புறம்தான் வெளியிட அனுமதியே கேக்க முடியும். மொதல்ல 20 பேர்னு இருந்து 2024 டிசம்பர்ல 12 ஆக்கினாங்க.

"டெஸ்டர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க, நம்பினோம். அவங்க என்ன பண்ணாங்கன்னா எங்கயோ டெலிகிராம் குரூப்ல காசுக்குக் கெடைக்கிற மெயில் ஐடியைக் கொண்டுவந்து சேத்துட்டாங்க. அத்தனை பேரும் சேந்தாங்க, ஒருத்தரும் ஆப்பைத் தொறக்கலை. அனுமதி கேக்கறப்ப டெஸ்டர்கள் எப்படிக் கெடைச்சாங்க, என்ன கருத்து சொன்னாங்க, அதை வெச்சு என்ன மாத்தினீங்கன்னு கேள்வி இருக்கும், அதுக்கு எழுத எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. இன்னும் டெஸ்ட் பண்ணுங்கன்னு பதில் வந்துருச்சு, திரும்ப மொதல்ல இருந்து.

ரெண்டாவது வாட்டி அவங்களை ஒதுக்கிட்டு நானே எறங்கினேன். எங்க டெலிவரி பையனுங்க, பக்கத்து ஏரியா ஏஜென்ட் ஒருத்தர், நம்ம கஸ்டமர் சில பேர்னு 12க்கு மேலயே ஆள் சேத்தேன், எப்பவும் கூடுதலா வெச்சுக்கோங்க, பாதியில ஒருத்தர் வெளிய போனாலும் தாங்கும். இதுல பெரிய வேலை என்னன்னா போன்ல ரெண்டு ஜிமெயில் இருக்கும், நாம லிஸ்ட்ல சேத்தது ஒண்ணு, அவங்க லிங்க்கைத் தொறக்கறது இன்னொண்ணுல, "அக்கா, இப்படி ஒரு ஆப்பே இல்லன்னு வருது"ன்னு போன் மேல போன். ப்ளே ஸ்டோர்ல மேல இருக்கற போட்டோவைத் தட்டி எந்த மெயில்ல இருக்காங்கன்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க, முக்காவாசி அதுலயே சரியாயிடும். ஆனா இந்தத் தடவை நெஜமான குறையெல்லாம் வந்துச்சு. ஈரக் கையோட தட்டறதுக்கு பட்டன் சின்னதா இருக்குன்னு ஒரு தம்பி சொன்னான். அது அந்தக் கம்பெனியில ஒருத்தருக்கும் தோணலை பாருங்க. பட்டனைப் பெருசாக்கினோம், அதையே பதில்லயும் எழுதினோம், அனுமதி கெடைச்சுது.

ஓடிபி எஸ்எம்எஸ் கதை தனி. இந்தியாவுல கமர்ஷியல் எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி ரெஜிஸ்ட்ரேஷன் (டெலிகாம் ஆபரேட்டர்கிட்ட பண்ற பதிவு) வேணும், கம்பெனி பதிவு, அனுப்பறவர் பேரா வர்ற ஆறெழுத்து ஹெடர், மெசேஜோட மாதிரி வாசகமான டெம்ப்ளேட்னு ஒண்ணு ஒண்ணா அப்ரூவ் ஆகணும். எங்க அப்ளிகேஷன் "பேர் பொருந்தவில்லை"ன்னு ரிஜெக்ட் ஆச்சு. விசாரிக்க அந்த ஆபரேட்டரோட ஆபீஸுக்கே வெயில்ல போனா, கவுன்டர்ல இருந்தவர் தலையே நிமிராம "இங்க அதெல்லாம் பாக்கறதில்ல, எல்லாம் ஆன்லைன்தான்"ங்கறார். பேங்க்ல, ஆடிட்டர்கிட்டன்னு கேட்டு கடைசியில புரிஞ்சுது. ப்ரொப்ரைட்டர்ஷிப்ல பான் கார்டு மனுசன் பேர்ல இருக்கும், கடை பேர் வேற. அந்த ரெண்டு பேரும் ஜிஎஸ்டி சர்டிபிகேட்ல ஒரே தாள்ல இருக்கும், லீகல் நேம், டிரேட் நேம்னு ரெண்டும் வரும். அதையும் லெட்டர்ஹெட்ல சீல் போட்ட கடிதத்தையும் சேத்து வெச்சதும் அப்ரூவ் ஆச்சு. இன்னொண்ணு, இங்கிலீஷ் எஸ்எம்எஸ் 160 எழுத்துன்னா தமிழ்ல 70தான், அதுலயும் 'கொ'ங்கிறது ரெண்டா எண்ணப்படும். ஓடிபி மட்டும் எஸ்எம்எஸ்ல வெச்சுக்கிட்டு பில்லை வாட்ஸ்அப்ல அனுப்பறதுதான் கட்டுப்படியாகுது.

கூகுள் ரிவ்யூவுக்கு அனுப்பறப்ப ஆப் ஆக்சஸ்ங்கிற இடத்தை வெறுமனே விட்டுடாதீங்க. ஓடிபி லாகின்னா ரிவ்யூ பண்றவங்க கையில நம்ம நம்பர் இருக்காது, அதனால ஒரு டெமோ நம்பரும் மாறாத ஓடிபியும் சர்வர்லயே வெச்சு அங்க எழுதிக் குடுங்க. ஆப்புக்குள்ள கணக்கு தொடங்க வழி இருந்தா அழிக்கறதுக்கும் வழி வேணும், வெப்ல தனியா ஒரு லிங்க்கும் குடுக்கணும். கம்பெனிக்காரங்க தேவையே இல்லாம கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் படிக்கிற பர்மிஷன் எல்லாம் வெச்சிருந்தாங்க, அதைத் தூக்கச் சொல்லுங்க. ப்ரைவசி பாலிசி, டேட்டா சேஃப்டி ஃபார்ம், ஐகான் எல்லாம் ஒரு சாயங்கால வேலை.

ஐபோன்ல எப்ப வரும்னு சில கஸ்டமர் கேக்கறாங்க. அதுக்கு வருஷா வருஷம் 99 டாலர், எங்க பையனுங்க எல்லாரும் ஆண்ட்ராய்டுதான், இப்போதைக்கு வேண்டாம்னு விட்டுட்டோம். ஆண்ட்ராய்டுலயும் செலவு முடிஞ்சுதுன்னு நெனச்சுடாதீங்க, வருஷாவருஷம் டார்கெட் ஏபிஐ லெவலை (ஆப் எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்குச் செஞ்சதுங்கற எண்) ஏத்தணும், 2025ல ஆகஸ்ட் 31க்கு அப்புறம் புது ஆப்பும் அப்டேட்டும் ஆண்ட்ராய்டு 15க்கு இருந்தாதான் ஏத்த முடியும்னு வந்துச்சு. இந்த வருஷாந்திர வேலைக்கு எவ்வளவுன்னு இப்ப வேற ஒரு டெவலப்பர் தம்பிகிட்ட பேசி, ரேட்டைத் தேதியோட எழுதி வாங்கி ஃபைல்ல வெச்சுட்டேன்.